தொழு உரம் போடும் நிலத்தில் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த பருவம் மக்காச்சோளம் விதைக்கப் போகிறேன், அதற்குள் இந்த உரக் கணக்கை ஒரு தெளிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நிலம் மணல் கலந்த செம்மண், தண்ணீர் பாய்ச்சினால் நிற்காமல் இறங்கிவிடும், மேல்மண் சீக்கிரமே காய்ந்துவிடும். மண் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது. ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 25 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 20 கிலோ போடச் சொல்லியிருக்கிறார்கள், அங்ககக் கரிமம் ரொம்பக் குறைவு என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மாட்டுத் தொழு உரம் ஏக்கருக்கு 4 டன் போடுகிற அளவுக்குக் கிடைக்கும். கோழி எருவும் கொஞ்சம் வாங்க முடியும். இங்கேதான் குழப்பம். ஒருவர், எரு போட்ட நிலத்துக்கு மூட்டை உரம் எதற்கு என்கிறார். இன்னொருவர் யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிடு, போதும் என்கிறார். மூன்றாமவர், எரு மண்ணுக்கு, உரம் பயிருக்கு, இரண்டையும் முடிச்சுப் போடாதே, பரிந்துரையில் ஒரு கிலோகூடக் குறைக்காதே என்கிறார். மூன்று பேருமே அனுபவசாலிகள், ஆனால் ஏன் என்று கேட்டால் யாரும் கணக்காகச் சொல்லவில்லை. எந்த உரத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இன்னொன்று, ஆள் வேலை மிச்சமாகுமே என்று யூரியாவையும் எருவோடு கலந்து ஒரே தடவையாக இறைத்துவிடலாமா?

ஏர்க்கால்:

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நன்றாக மக்கிய மாட்டுத் தொழு உரத்தில் சராசரியாக 0.5 சதவீதம் தழைச்சத்து, 0.2 சதவீதம் மணிச்சத்து, 0.5 சதவீதம் சாம்பல்சத்து இருக்கும். உங்கள் 4 டன்னில் அப்படியானால் 20 கிலோ, 8 கிலோ, 20 கிலோ. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு, 20 கிலோ தழைச்சத்து வந்துவிட்டதே, யூரியாவில் 43 கிலோவைக் கழித்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த 20 கிலோவில் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகுதான் வேர் உறிஞ்ச முடியும், முதல் பருவத்துக்குள் அப்படி வெளியே வருவது ஏறத்தாழ கால் பங்கு. ஆக 5 கிலோ. மணிச்சத்தில் பாதி கிடைக்கும் என்று வைத்தால் 4 கிலோ. சாம்பல்சத்து மட்டும் வேறு வகை. அது கரிமப் பொருளோடு பிணைவதில்லை, தண்ணீரில் கரையும் நிலையிலேயே இருக்கும், அதனால் 20இல் 16 கிலோ இந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடும்.

இப்போது பரிந்துரையில் கழியுங்கள். மீதி வேண்டியது தழைச்சத்து 55, மணிச்சத்து 21, சாம்பல்சத்து 4. மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் 46 கிலோ போட்டால் மணிச்சத்து 21 முழுதாக வந்துவிடும், கூடவே தழைச்சத்து 8 கிலோவும் வரும். மிச்சம் 47 கிலோ தழைச்சத்துக்கு யூரியா சுமார் 102 கிலோ. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 7 கிலோ போதும். எரு இல்லாமல் இதே பரிந்துரைக்கு டிஏபி 54, யூரியா 109, பொட்டாஷ் 33 கிலோ ஆகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூரியாவில் மிச்சம் 7 கிலோ, டிஏபியில் 8 கிலோ, பொட்டாஷில் மட்டும் 26 கிலோ. எல்லோரும் யூரியாவைக் குறைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், முதல் வருஷத்தில் நிஜமாகவே குறைக்க முடிவது பொட்டாஷைத்தான்.

யூரியாவைப் பாதியாக வெட்டினால் என்ன ஆகும் என்பது மக்காச்சோளத்தின் அடி இலையில் தெரிந்துவிடும். நுனியில் மஞ்சள் ஆரம்பித்து நடு நரம்பை ஒட்டியே உள்நோக்கிக் கூராக இறங்கும், ஓரம் பச்சையாகவே இருக்கும். அது தழைச்சத்துப் பசி. ஓரம் காய்ந்து நடு பச்சையாக இருந்தால் சாம்பல்சத்துப் பற்றாக்குறை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், வளரும் பயிருக்கு மேலுரம் போடும் நேரத்தில் ரொம்ப உதவும்.

மீதி 15 கிலோ தழைச்சத்து எங்கும் போய்விடவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் சிறுகச் சிறுக வெளிவரும். வருஷாவருஷம் எரு போடுகிற நிலத்தில் பழைய எருவின் பங்கும் புது எருவின் பங்கும் சேர்ந்து வரும், அப்போது யூரியாவைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆகவே "பாதியாகக் குறை" என்றவர் தவறாகச் சொல்லவில்லை, பல வருஷம் எரு கண்ட நிலத்துக்கான பேச்சு அது. உங்கள் மண்ணில் கரிமம் குறைவு என்பதால் அந்த நிலைக்கு நீங்கள் இனிமேல்தான் போக வேண்டும்.

0.5 சதவீதம் என்பது பராமரித்த குப்பைக்கான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டு மூத்திரத்தில்தான் சாம்பல்சத்தில் பெரும்பங்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும் இருக்கிறது. கொட்டிலில் வைக்கோல் பரப்பி மூத்திரத்தை உறிஞ்சவைத்துச் சேர்த்த எரு வேறு, வெறும் சாணத்தை அள்ளி வெட்டவெளியில் கொட்டி மழையில் நனையவிட்ட எரு வேறு. மழை பெய்யும்போது குப்பைமேட்டின் அடியிலிருந்து பழுப்பாக ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள், அதில் போவது நீங்கள் பொட்டாஷ் மூட்டையாக மறுபடி வாங்கப்போகும் அதே சத்துதான்.

சாரல்மழை:

யூரியாவை எருவோடு கலந்து இறைக்காதீர்கள். யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி சாணத்தில் நிறைய உண்டு. ஈரமான குப்பையோடு யூரியாவைக் கலந்து மேலாக இறைத்தால் மண்ணுக்குள் போவதற்கு முன்பே வாயுவாகப் பறந்துவிடும், அந்த மூக்கைத் துளைக்கும் வாடைதான் அது. எருவைக் கடைசி உழவில் மண்ணோடு சேர்த்துவிட்டு, யூரியாவைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள். சாம்பல், சுண்ணாம்பு இரண்டையும்கூட எருவோடு கலக்கக் கூடாது, காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாகப் போகும்.

பசுந்தாள்:

சாரல்மழை சொன்னது சரி. ஆனால் எருவோடு கலந்தால் லாபம் தருகிற ஒரு மூட்டை உரமும் இருக்கிறது, அது மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட்.

மணிச்சத்தின் தொல்லை என்னவென்றால் மண்ணில் போட்டதும் அது பூட்டப்பட்டுவிடும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். போட்டதில் சின்னப் பங்குதான் அந்தப் பருவத்துப் பயிருக்குப் போகிறது. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து வைத்தால், குப்பை மக்கும்போது வெளிவரும் கரிம அமிலங்கள் அந்த இரும்பையும் கால்சியத்தையும் தாங்கள் பிடித்துக்கொள்ளும், மணிச்சத்தில் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடம்புக்குள் போய்ப் பத்திரமாக இருந்து பிறகு மெதுவாக வெளிவரும். சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கும் ஜிப்சமும் கொஞ்சநஞ்ச அமிலமும் குப்பையிலிருந்து அம்மோனியா பறக்காமல் பிடித்துவைக்கும். இரண்டு பக்கமும் ஆதாயம்.

இதற்குப் பெயர் ஊட்டமேற்றிய தொழு உரம். ஏக்கருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் 300 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, குவியலாக்கி, காற்றுப் போகாமல் மூடி ஒரு மாதம் வைத்திருந்து, விதைக்கும்போது அடியுரமாகப் போட வேண்டும். உங்கள் கணக்குப்படி மணிச்சத்து 21 கிலோவுக்கு சூப்பர் பாஸ்பேட் ஏறத்தாழ 131 கிலோ. அப்போது டிஏபியிலிருந்து வந்த 8 கிலோ தழைச்சத்து வராது என்பதால் யூரியாவை 120 கிலோவாக ஏற்றிக்கொள்ளுங்கள். கந்தகமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கிறது, மணல் மண்ணில் அது சும்மா இல்லை.

மண்புழு:

கணக்கெல்லாம் சரிதான், ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் கிலோவிலேயே ஓடுகிறது. 4 டன் எருவால் 7 கிலோ யூரியாதான் மிச்சம் என்றால் ஒரு சராசரி விவசாயி, இதற்கா இவ்வளவு பாடு என்று எருவையே விட்டுவிடுவார். எருவை விட வேண்டாம் நண்பரே. அது செய்கிற வேலை மூட்டைக் கணக்கில் வராது.

உங்கள் மணல் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் மண்ணில் ஒட்டி நிற்கக் களித்துகளும், மக்கு என்கிற மக்கிய கரிமப் பொருளும்தான் இடம் தருகின்றன. செம்மண்ணில் இருக்கும் களி வகைக்கு அந்தப் பிடிப்பு குறைவு, மக்குக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலே. பிடிப்பு இல்லாத மண்ணில் நீங்கள் 102 கிலோ யூரியா போட்டாலும் இரண்டு பாய்ச்சலில் நைட்ரேட்டாகக் கீழே இறங்கிவிடும். மக்கு கூடக்கூட மண் தண்ணீரையும் கூடுதல் நேரம் வைத்திருக்கும், வேர் ஆழமாகப் போகும், போட்ட உரத்தில் கூடுதல் பங்கு பயிருக்குப் போய்ச் சேரும். தொடர்ந்து யூரியாவும் அம்மோனிய உரங்களும் மட்டுமே போட்டால் மண் புளிப்பேறும், எரு அதையும் தாங்கிப் பிடிக்கிறது. துத்தநாகம், போரான் மாதிரி நுண்சத்துகளை எந்த மூட்டைக் கணக்கிலும் யாரும் எழுதுவதே இல்லை, எருவில் அவையும் வருகின்றன.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற வயல் இருக்கிறது. 1843இல் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் தொடங்கிய சோதனை, இன்றுவரை அதே வயலில் கோதுமை விளைகிறது. ஒரு பாத்திக்கு வருஷாவருஷம் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் மட்டும், இன்னொன்றுக்கு ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தொழு உரப் பாத்தியும் முழு ரசாயன உரப் பாத்தியும் ஏறத்தாழ ஒரே விளைச்சல்தான் கொடுத்தன. எரு பெரிதா உரம் பெரிதா என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. 1968 முதல் குட்டையான, விளைச்சல் அதிகமுள்ள ரகங்கள் வந்தன, பயிரின் பசி கூடியது. தொழு உரப் பாத்தி ஒன்றில் கூடவே ஹெக்டேருக்கு 96 கிலோ தழைச்சத்தை ரசாயன உரமாகக் கொடுத்தார்கள். பெரும்பாலான வருஷங்களில் அதிக விளைச்சல் தந்த பாத்திகளில் அது ஒன்றாகிவிட்டது. தொழு உரம் போட்ட பாத்தியில் கரிமம், ரசாயன உரம் மட்டும் போட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது.

அதே நிலையத்தில் ஹூஸ்ஃபீல்ட் என்ற வயலில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்டு நிறுத்திய பாத்தி ஒன்று உண்டு. நூறு வருஷம் கழித்தும் அந்த எருவின் மிச்சத்தை மண்ணிலும் விளைச்சலிலும் அளக்க முடிந்தது. எரு போடுவதை இந்தப் பருவத்துச் செலவாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வேலிமுள்:

மண்புழு அண்ணே, முழுக்க எருவிலேயே ஏன் விவசாயம் செய்யக் கூடாது? பிராட்பாக்கில் நூறு வருஷம் சமமாகத்தானே விளைந்திருக்கிறது?

மண்புழு:

ஹெக்டேருக்கு 35 டன் என்றால் ஏக்கருக்கு 14 டன் தம்பி, அதுவும் ஒரு வருஷம் தவறாமல். அவ்வளவு எரு யாரிடம் இருக்கிறது? ஏர்க்கால் போட்ட கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு டன்னில் முதல் பருவத்துக்குக் கிடைப்பது 1.25 கிலோ தழைச்சத்து. 60 கிலோவையும் எருவிலிருந்தே எடுக்க வேண்டுமானால் புது நிலத்தில் 48 டன். அவ்வளவு போட்டால் மணிச்சத்து 96 கிலோ, சாம்பல்சத்து 240 கிலோ மண்ணுக்குள் இறங்கும், பரிந்துரை 25, 20 என்பதை மறந்துவிடாதீர்கள். மிச்ச மணிச்சத்து மண்ணில் ஏறிக்கொண்டே போய், துத்தநாகத்தைப் பயிர் எடுக்கவிடாமல் தடுக்கும், மழையில் மண்ணோடு அடித்துப்போய்க் குளத்தில் பாசி பிடிக்க வைக்கும். கால்நடை நிறைய வைத்திருப்பவர், பயறு வகைகளைச் சுழற்சியில் போடுபவர் படிப்படியாக அந்தப் பக்கம் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. இருக்கிற எருவை முழு நிலத்துக்கும் பரப்பி, குறைகிற தழைச்சத்தை மட்டும் மூட்டையிலிருந்து கொடுப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு நடக்கிற காரியம்.

வரப்போரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பொட்டாஷில்தான் மிச்சம் என்பது நான் எதிர்பார்க்காத விஷயம். இன்னும் இரண்டு சந்தேகம். என் குப்பை முழுக்க மக்கவில்லை, உள்ளே கறுப்பாக இருக்கிறது, மேலே ஒரு முழம் வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கிறது. அதையும் சேர்த்துப் போடலாமா? அப்புறம் கோழி எரு மரத்தூள் பரப்பிய கொட்டகையிலிருந்து வருவது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பசுந்தாள்:

மேலே கிடக்கும் வைக்கோலை விதைப்புக்கு முன்னால் போடாதீர்கள். கரிமமும் தழைச்சத்தும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 20 பங்குக்குக் கீழே இருந்தால் மக்கும்போது தழைச்சத்து வெளியே வரும். 30ஐத் தாண்டினால் நுண்ணுயிர்கள் தங்கள் வளர்ச்சிக்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், நீங்கள் போட்ட யூரியாவிலும் பங்கு கேட்கும். வைக்கோல் 60, 80 என்று இருக்கும், மரத்தூள் நூறுகளில் போகும். மக்காத குப்பை போட்ட வயலில் இளம்பயிர் வெளிறி நிற்பதற்குப் பாதி காரணம் இதுதான். மேல் அடுக்கை வெட்டித் தனியாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, உள்ளே சூடு ஏறி இறங்கியதும் ஒருமுறை புரட்டிவிட்டு அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். களை விதையும் கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன, 55 டிகிரியாவது ஏற வேண்டும்.

கறுப்பாக இருக்கும் பகுதியைக் கையில் அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் நீங்கள் டன் கணக்கில் சுமப்பது தண்ணீரை. உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர்ந்து, மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் எருவாகிவிட்டது. சாண வாடையோ அம்மோனியா நெடியோ இருந்தால் இன்னும் ஆகவில்லை.

வெளியிலிருந்து எரு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் சில மருந்துகள் அடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அந்த மருந்து சிதையாமல் வந்துவிடும், குப்பை மக்கிய பிறகும் இருக்கும். மக்காச்சோளத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஊடுபயிராகப் பயறோ தக்காளியோ போடுவதாக இருந்தால் ஒரு தொட்டியில் எருவையும் மண்ணையும் கலந்து அவரை விதை போட்டுப் பாருங்கள். புது இலை சுருண்டு, கிண்ணம் மாதிரி மடங்கி வந்தால் அந்த எருவை ஒதுக்கிவிடுங்கள்.

ஏர்க்கால்:

கோழி எருவைத் தனிக் கணக்காகப் போட வேண்டும், அது மாட்டு எருவைவிட வீரியம். உலர்ந்த கோழி எருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 2.6 சதவீதம் அளவில் இருக்கும், தழைச்சத்தில் பாதி முதல் பருவத்திலேயே கிடைத்துவிடும். 500 கிலோ போட்டால் 7.5 கிலோ தழைச்சத்து, அதாவது உங்கள் 4 டன் மாட்டு எரு கொடுப்பதைவிட அதிகம். மணிச்சத்து 13 கிலோ உள்ளே போகும், பாதியைக் கணக்கில் எடுத்து டிஏபியில் 14 கிலோ குறையுங்கள். மரத்தூள் அதிகமாகத் தெரிந்தால் இந்த எண்ணை நம்ப வேண்டாம், தழைச்சத்தை இன்னும் குறைவாகவே கணக்கிடுங்கள். விதைக்கு ஒட்டிப் போடக் கூடாது, உப்பும் அம்மோனியாவும் முளையைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் பரப்பி, பரப்பிய அன்றே உழுதுவிடுங்கள். காலையில் கொட்டி மறுநாள் உழலாம் என்று வெயிலில் விட்டால் நல்லதில் பாதி போய்விடும்.

யூரியாவை மூன்றாகப் பிரியுங்கள். கால் பங்கு விதைப்பில், பாதி 25ஆம் நாள், மீதி கால் பங்கு 45ஆம் நாள். மணல் மண் என்பதால் மேலுரம் போட்டதும் மண் அணைத்து, அப்புறம் அளவாகத் தண்ணீர் விடுங்கள்.

4 டன் என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாக்கை நிலத்தில் விரித்து, வழக்கம்போல எருவை இறைத்து, சாக்கில் விழுந்ததை எடை போடுங்கள். ஒரு கிலோ விழுந்தால் ஏக்கருக்கு 4 டன் என்று அர்த்தம். நாலைந்து இடத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் குவிந்திருப்பதும் ஒரு பக்கம் இல்லாமல் இருப்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, வயலில் நான்கு வரிசையை அடையாளம் வைத்து, மேலுரத்தை மட்டும் நாலில் ஒரு பங்கு குறைத்துப் போடுங்கள், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். அறுவடையில் அந்த வரிசைகளின் கதிரைத் தனியாக எடை போட்டு, பக்கத்து வரிசைகளோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். இந்த வருஷம் குறைவாகத்தான் வரும். எரு தொடர்ந்து போட்டுக்கொண்டே வந்து, ஒரு வருஷம் இரண்டும் சமமாக வந்தால் அதற்கடுத்த பருவம் முழு வயலுக்கும் அந்தக் கால் பங்கைக் குறைத்துவிடலாம்.

வரப்போரம்:

சரி, மேல் அடுக்கை நாளைக்கே வெட்டித் தனியாகக் குவிக்கிறேன். சூப்பர் பாஸ்பேட் கலந்து மூடிவைக்க ஒரு மாதம் வேண்டும் என்பதால் அதையும் இந்த வாரமே ஆரம்பித்துவிடுகிறேன். நான்கு வரிசைக் கணக்கை அறுவடை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.